அவங்க கணக்குல அவனுக்கு இப்ப 30 வயசு

(எபிசோடின் பேச்சு வடிவம், வாசிக்க வசதியா லேசாத் திருத்தப்பட்டது)

 வழக்கமா இங்க டெக், வேலை, சம்பளம்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். பிள்ளையை இழந்த அப்பா அம்மாவைப் பத்தி. இழந்த முதல் வாரத்தைப் பத்தி இல்ல, அது எல்லாருக்கும் தெரியும். பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சு அவங்க எப்படி வாழறாங்கன்றதைப் பத்தி. இதைக் கேக்குற நீங்களே இப்ப அப்படி ஒரு இழப்புக்கு நடுவுல இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு இன்னொரு நாளைக்கு வெச்சுக்குங்க. எபிசோடு எங்கயும் போயிடாது.

2004 ஜூலை 16. கும்பகோணம், காசிராமன் தெரு. ஒரு தனியார் பள்ளியில சத்துணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைங்க இறந்துபோனாங்க. நான் அப்ப மூணாங்கிளாஸ், வேற ஊர். எங்க ஸ்கூல்ல சைக்கிள் நிறுத்துற கொட்டகைக்குக் கீத்து வேஞ்சிருக்கும். திடீர்னு ஒருநாள் ஆள் வந்து அதைப் பிரிச்சுப் போட்டாங்க. எதுக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. கும்பகோணத்துக்கு அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகள்ல கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்ததுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 16 அன்னைக்கு அந்தப் பெற்றோர் பள்ளிக்கு முன்னாடி கூடுறாங்க. போட்டோ வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, அந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச பலகாரத்தை வைக்கிறாங்க. நியூஸ்ல அரை நிமிஷம் காட்டுவாங்க. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைக்கும். அந்தப் போட்டோக்கள்ல இருக்கிறவங்க ஏறக்குறைய என் வயசு. இருந்திருந்தா இப்ப யாராவது ஈஎம்ஐ கட்டிட்டு இருப்பாங்க, யாராவது கைக்குழந்தையைத் தூக்கிட்டுத் தூக்கமில்லாம திரிஞ்சுட்டு இருப்பாங்க. இதை நான் யோசிக்கிறதுக்கு வருஷத்துல ஒரு நியூஸ் தேவைப்படுது. அந்த அம்மாக்களுக்குத் தேவைப்படாது. பக்கத்து வீட்டுல, கூடப் படிச்ச பிள்ளை டென்த் எழுதும்போது, காலேஜ் சேரும்போது, கல்யாணப் பத்திரிகை வரும்போது, அவங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு தானா ஓடும். இருந்திருந்தா நம்ம பிள்ளையும் இப்ப இதைத்தானே செஞ்சிட்டு இருக்கும்?

நான் இந்த எபிசோடுல சொல்ல வந்தது இதுதான். நம்ம தலைமுறைக்கு ‘மூவ் ஆன்’னு ஒரு வார்த்தை ரொம்பப் பிடிக்கும். பத்து வருஷம் கழிச்சும் ஒரு அம்மா அழுதா, "இன்னும் அங்கேயே நிக்கிறாங்க"ன்னு சொல்லிடுவோம். ஆனா அவங்க அங்கேயே நிக்கல. அந்தப் பிள்ளைக்கு அவங்க மனசுல வருஷா வருஷம் வயசு ஏறிட்டே இருக்கு. ஏழு வயசுப் பிள்ளைக்காக அழுத அழுகை வேற, இப்ப 28 வயசுல மணமேடையில நின்னிருக்க வேண்டியவனுக்காக அழற அழுகை வேற. இரண்டாவது இழப்பு இப்பதான் புதுசா வந்திருக்கு.

இதுக்கு ஒரு ஆச்சரியமான சாட்சி, சிக்மண்ட் ஃப்ராய்ட். 1917-ல அவர் துக்கத்தைப் பத்தி எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம். இறந்தவங்க மேல வெச்ச பற்றைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கி எடுக்கிறதுதான் துக்கத்தோட வேலைன்னு ஒரு கருத்து அதுல இருக்கு. நாம இன்னைக்குச் சொல்ற ‘மூவ் ஆன்’ஓட தாத்தான்னே வெச்சுக்கலாம். அதுக்கப்புறம் 1920-ல அவரோட மகள் சோஃபி இன்ஃப்ளுயன்ஸா காய்ச்சல்ல இறந்துபோறாங்க. மூணு வருஷம் கழிச்சு சோஃபியோட சின்னப் பையனும் இறந்துடுறான். 1929 ஏப்ரல்ல, மகனை இழந்த இன்னொரு மருத்துவர் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்ட் ஒரு கடிதம் எழுதறார். அந்த இடத்தை எதை வெச்சும் நிரப்ப முடியாது, அப்படி நிரம்பாம இருக்கிறதே சரிதான், அந்த அன்பை விட்டுடாம இருக்க அது ஒண்ணுதான் வழின்னு சொல்ற கடிதம். கட்டுரையில இருந்த ஃப்ராய்டும் இந்த ஃப்ராய்டும் வேற ஆள். எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது அந்தக் கடிதம் எழுதின நாள். சோஃபி உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கு 36 வயசு ஆகியிருக்கக்கூடிய பிறந்தநாள் அது. அதைக் கடிதத்துலயே குறிப்பிடறார். ஒன்பது வருஷம் ஆகியும் அவரும் வயசை எண்ணிட்டுத்தான் இருந்திருக்கார்.

அப்புறம் அந்த ‘ஐந்து நிலைகள்’. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. ரீல்ஸ்ல, ஆஃபீஸ் டிரெய்னிங் பிபிடி-யில எல்லாத்துலயும் இருக்கும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல இதை எழுதும்போது அவங்க பேசிட்டு இருந்தது சாகப்போற நோயாளிகள்கிட்ட. பிள்ளையை இழந்த பெற்றோர்கிட்ட இல்ல. நமக்கு இன்ஸ்டலேஷன் விஸார்டு மாதிரி நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்னு ஒரு துக்கம் இருந்தா வசதியா இருக்கும், அதனால அதைப் பிடிச்சுக்கிட்டோம்னு நினைக்கிறேன்.

பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் வேற மாதிரி பார்த்தாங்க. டென்னிஸ் கிளாஸ் பிள்ளையை இழந்த பெற்றோர் கூடப் பல வருஷம் உட்கார்ந்து கேட்டவர். அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 1996-ல கொண்டுவந்த புத்தகம் சொல்றது, உறவு அறுபடறதில்ல, வடிவம் மாறித் தொடருது, அது நோய் இல்லன்னு. ஸ்ட்ரோப், ஷுட்னு இரண்டு பேர் 1999-ல இன்னொரு விஷயம் சொன்னாங்க. துக்கத்துல இருக்கிறவங்க ஊஞ்சல் மாதிரி போயிட்டு வருவாங்க. காலையில கரண்ட் பில் கட்டுவாங்க, சாயங்காலம் பழைய சட்டையை முகர்ந்து பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க, மறுநாள் யார் சொன்ன ஜோக்குக்கோ சிரிப்பாங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடறதுதான் அவங்களை வாழ வைக்குது. அதனால ஒரு அம்மா கல்யாண வீட்டுல பட்டுப்புடவை கட்டிச் சிரிச்சா "மறந்துட்டா"ன்னு சொல்லக்கூடாது. அடுத்த வாரம் அழுதா "இன்னும் மறக்கல"ன்னும் சொல்லக்கூடாது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. தமிழ்நாட்டுல நிறைய குடும்பங்கள்ல ‘கன்னி’ கும்பிடுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இறந்துபோன பொண்ணு வீட்டுச் சாமி ஆயிடுவா. வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் புதுப் பாவாடை, வளையல், பொட்டு எல்லாம் வாங்கி வெச்சுப் படையல் போடுவாங்க. பல வீட்டுல அந்தத் துணிக்குன்னே ஒரு பெட்டி இருக்கும். யாரோட அத்தை, யாரோட அக்கான்னு நாலாவது தலைமுறைக்குத் தெரியாது, ஆனா பாவாடை மட்டும் தவறாம வரும். "பார்த்தீங்களா, வெள்ளைக்காரன் 1996-ல கண்டுபிடிச்சதை நாம அப்பவே..."ன்னு ஆரம்பிக்க நான் வரல. அந்த வாட்ஸ்அப் குரூப் வேற. நான் யோசிக்கிறது, முதல் பாவாடையை எடுத்த அம்மாவைப் பத்தி. கடைக்குப் போய், "எத்தனை வயசுப் பொண்ணுக்கும்மா?"ன்னு கேக்கும்போது அவங்க ஒரு பதில் சொல்லியிருப்பாங்க இல்லையா?

எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். பெரியம்மாகிட்ட அனுமதி கேட்டுதான் சொல்றேன், பேர் மட்டும் வேண்டாம்னாங்க. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், 2014-ல பைக் ஆக்சிடெண்ட்ல இறந்துபோனான். 19 வயசு, இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம். காரியம் முடிஞ்ச மறுநாளே பெரியப்பா கடையைத் திறந்துட்டார். யார்கிட்டயும் அவனைப் பத்திப் பேசமாட்டார். "மனுஷன் கல்லு மாதிரி"ன்னு சொந்தக்காரங்க பேசிக்குவாங்க. அவரைப் பார்க்கிறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி: "அண்ணி எப்படி இருக்காங்க? நீங்கதான் தைரியம் சொல்லணும்." அவர் எப்படி இருக்கார்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல.

இரண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்குப் போயிருந்தப்ப, யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு பீரோவுல இருந்து ஒரு பழைய போனை எடுத்தார். பேட்டரி உப்பிப் போய்ப் பின்பக்க மூடி தூக்கிட்டு நின்னது. "தம்பி, இதுல இருக்கிறது எதுவும் போயிடாம இந்த சிம்மை வேற போனுக்கு மாத்தித் தர முடியுமா?" அண்ணனோட போன். அண்ணனோட நம்பர். பெரியப்பா அத்தனை வருஷமா அதுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டு இருக்கார். இப்ப 84 நாள் பிளான். கடை நோட்டுல கடைசிப் பக்கத்துல தேதி குறிச்சு வெச்சிருந்தார். எதுக்குன்னு நான் கேக்கல, அவரே சொன்னார்: "விட்டா நம்பரை வேற யாருக்காவது குடுத்துருவானாம்ல. யாரோ ஒருத்தன் எடுத்து ஹலோன்னுருவான்."

அவர் சொன்னது டெக்னிக்கலா சரி. ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் உபயோகத்துல இல்லன்னா கம்பெனி அதை முடக்கி, பின்னாடி வேற ஆளுக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் ஓடாம இருந்தா அழிஞ்சிடும். இதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க ஏதோ ஒரு மீட்டிங்ல உட்கார்ந்து முடிவு பண்ண எண்கள். ஸ்டோரேஜ் காலி பண்ணணும், நம்பர் பத்தாக்குறை, நியாயமான காரணங்கள்தான். ஆனா ‘இன்ஆக்டிவ் யூசர்’னு நாம கோடுல எழுதற வரிக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்காரர் நோட்டுல தேதி எழுதி வெச்சுக் காத்துட்டு இருக்கார். ஃபேஸ்புக்ல இறந்தவங்க பக்கத்தை நினைவுப் பக்கமா மாத்தலாம், கூகுள், ஆப்பிள் இரண்டுலயும் நமக்கப்புறம் யார் பார்க்கணும்னு முன்கூட்டியே சொல்லி வைக்க வசதி இருக்கு. 19 வயசுல யார் அதைப் போய் செட் பண்ணுவா?

பெரியம்மா வேற மாதிரி. அவங்க பேசுவாங்க, ஆள்தான் கிடைக்காது. அண்ணன் பேரை எடுத்தாலே சுத்தி இருக்கிறவங்க பேச்சை மாத்திடுவாங்க, அவங்க மனசு கஷ்டப்படும்னு. அண்ணன் கூடப் படிச்ச ஒருத்தர் போன வருஷம் பத்திரிகை வைக்க வந்தார். "அவன் இருந்திருந்தா மாப்பிள்ளைத் தோழனா அவன்தான் ஆன்ட்டி நின்னிருப்பான்"னு சொல்லிட்டார். வீடே அமைதியாயிடுச்சு. பெரியம்மா அழுதாங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்கு, எங்க அம்மாவுக்கு, பால்காரருக்குன்னு எல்லார்கிட்டயும் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தாங்க, அவ்வளவு சந்தோஷமா. அவங்க கணக்குல அண்ணனுக்கு இப்ப 30 வயசு. அந்தக் கணக்கை வெளிய இருந்து ஒருத்தர் சரின்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

சில பேருக்கு இந்த நினைவு வழக்குக் கட்டா மாறுது. டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்து, 1997 ஜூன் 13, 59 பேர் இறந்தாங்க. அதுல 17 வயசு மகளையும் 13 வயசு மகனையும் இழந்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி இருபது வருஷத்துக்கு மேல கோர்ட் படி ஏறினாங்க. நெட்ஃபிளிக்ஸ்ல 2023-ல வந்த தொடரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கும்பகோணம் வழக்குல முதல் தீர்ப்பு வர 2014 ஜூலை ஆச்சு, பத்து வருஷம். "இவ்வளவு வருஷம் எதுக்கு இழுத்துட்டு, விட்டுடலாமே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு புரியறதில்ல. ஸ்கூல் ஃபீஸ் கட்டறது, காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட ஓடறது, இதெல்லாம் போனப்புறம் அந்தப் பிள்ளைக்காகச் செய்ய மிச்சம் இருக்கிற ஒரே வேலை அந்த ஹியரிங்தான்.

இதுல எனக்குத் தாங்க முடியாத கதை, இன்ஜினியரிங் படிச்சதாலயோ என்னவோ, ராஜன் கதை. இப்ப என்ஐடி-யா இருக்கிற கோழிக்கோடு ஆர்ஈசி-யில கடைசி வருஷ மாணவர். எமர்ஜென்சி நேரம், 1976 மார்ச் 1, ஹாஸ்டல்ல இருந்து போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு. கக்கயம் போலீஸ் முகாம்ல சித்திரவதையில இறந்தார். உடல் கிடைக்கவே இல்ல. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். மந்திரிங்க வீடு வீடா ஏறி இறங்கி, எமர்ஜென்சி முடிஞ்ச உடனே 1977-ல கேரள உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டார். அப்ப புதுசா முதலமைச்சர் ஆகியிருந்த கருணாகரன் பதவி விலக வேண்டி வந்தது. சட்டம் படிக்கிறவங்களுக்கு அது ஒரு முக்கியமான வழக்கு. அதே அப்பா பின்னாடி மலையாளத்துல எழுதின நினைவுக் குறிப்புல வழக்கைவிட வீடுதான் என்னை உலுக்குச்சு. ராஜனோட அம்மாவுக்கு மனநலம் சரியில்ல. மகன் இல்லன்ற விஷயத்தை அவங்ககிட்ட அவர் சொல்லவே இல்ல. பார்க்கப் போறப்பல்லாம் ராஜன் ஏன் வரலன்னு கேப்பாங்க, இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். வருஷக்கணக்கா. 2000-ல அவங்க இறந்துபோறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, சேர்த்து வெச்ச சில்லறைக் காசை ஒரு பொட்டலமா முடிஞ்சு, ராஜன்கிட்ட கொடுக்கச் சொல்லி இவர் கையில கொடுத்திருக்காங்க. அவர் 2006-ல இறந்தார். மகன் உடல் எங்கன்ற கேள்விக்குக் கடைசி வரைக்கும் பதில் இல்ல.

உடலையே பார்க்காத துக்கத்தைப் பத்தி பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறைய எழுதியிருக்காங்க. துக்கப்படவும் முடியாது, காத்திருக்கவும் முடியாதுன்ற நிலை. கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவங்களோட அம்மாக்கள் 2017 பிப்ரவரியில உட்கார்ந்தாங்க. வருஷக்கணக்கா மகன், மகள் போட்டோவை மடியில வெச்சுக்கிட்டு அந்தப் போராட்டம் நடக்குது. பதில் தெரியாமலே பல பெற்றோர் இறந்துட்டாங்க. அது தனி எபிசோடா வரணும், இங்க இரண்டு வரியில முடிக்கிற விஷயம் இல்ல.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். துக்கம் தொடர்றது இயல்புன்னா, உதவியே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. 2003-ல லான்செட் இதழ்ல வந்த டென்மார்க் ஆய்வு, பிள்ளையை இழந்த அம்மாக்கள் இறந்துபோற வாய்ப்பு மத்த அம்மாக்களைவிட அதிகம்னு காட்டுச்சு. மனசு மட்டும் பாதிக்கப்படறதில்ல. 2022-ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல ‘நீடித்த துக்கக் கோளாறு’ன்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. பெரியவங்களுக்குக் குறைஞ்சது 12 மாசம் கழிச்சும், கிட்டத்தட்ட தினமும், அன்றாட வாழ்க்கையே நின்னுபோற அளவுக்கு இருந்தாத்தான் அந்தப் பேர். பிறந்தநாளைக்கு அழறது, ரூமைக் கலைக்காம வெச்சிருக்கிறது, சிம் ரீசார்ஜ் பண்றது எல்லாம் அதுல வராது. சாப்பிடாம, வெளிய வராம, தானும் போயிடணும்னு பேசினாங்கன்னா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். டெலி-மானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல எண் 14416, தமிழ்லயும் பேசலாம்.

மருந்து தவிர இன்னொண்ணும் வேலை செய்யுது, அதே மாதிரி இழந்த இன்னொருத்தர். 1968-ல இங்கிலாந்து கவென்ட்ரியில ஒரு ஆஸ்பத்திரியில இரண்டு பையன்கள் இறந்தாங்க. அங்க இருந்த சைமன் ஸ்டீஃபன்ஸ்னு ஒரு இளம் பாதிரியார், தான் சொல்ற ஆறுதலைவிட அந்த இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது உதவுதுன்னு கவனிச்சார். அதுல இருந்து வந்ததுதான் ‘கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’ன்ற அமைப்பு, இன்னைக்குப் பல நாடுகள்ல இருக்கு. கும்பகோணத்துல வருஷா வருஷம் அந்தப் பெற்றோர் சேர்ந்து நிக்கிறதும் எனக்கு அப்படித்தான் தெரியுது. அன்னைக்கு ஒருநாள் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியதில்ல.

சரி, நாம என்ன செய்யலாம்? இதைக் கேக்குறவங்க நிறைய பேருக்கு இன்னும் குழந்தையே இல்ல, எனக்கும்தான். நாம ஃபிரண்டா இருப்போம், பக்கத்து வீட்டுப் பையனா இருப்போம், ஆஃபீஸ்ல டீம் லீடா இருப்போம். "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "இன்னொருத்தன் இருக்கான்ல, அவன் முகத்தைப் பார்த்து ஆறுதல் அடைங்க", "கடவுள் நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்". இந்த மூணையும் வாயில இருந்து எடுத்துடுங்க. பிள்ளை பேரைச் சொல்லுங்க. நீங்க சொல்லித்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும்னு இல்ல, அது போகவே இல்ல. இறந்த நாளைவிட பிறந்தநாளைக் கேலண்டர்ல போட்டு வைங்க, அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. அப்பாவுக்கும் தனியா பண்ணுங்க. முதல் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருக்கும், நீங்க ஆறாவது மாசம் போங்க.

புதுசா ஒருத்தரைப் பார்த்ததும் "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னு நாம சாதாரணமா கேக்குற கேள்வி இருக்கே, அது பெரியம்மாவுக்குப் பரீட்சை மாதிரி. ஒண்ணுன்னு சொன்னா அண்ணனை விட்டுக்கொடுத்த மாதிரி, இரண்டுன்னு சொன்னா "பெரியவன் என்ன பண்றான்?"னு அடுத்த கேள்வி வரும். பஸ்ல உட்கார்ந்துட்டு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம். கேக்காதீங்கன்னு சொல்லமாட்டேன். பதில் வர்றதுக்கு ஒரு நொடி தாமதமானா, நீங்களும் ஒரு நொடி பொறுங்க.

அண்ணனையோ அக்காவையோ தம்பியையோ இழந்தவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்களைப் பத்தி நான் பேசவே இல்லன்னு தெரியும். "அப்பா அம்மாவைப் பார்த்துக்கோ"ன்னு சொல்லி உங்க துக்கத்தை ஓரமா எடுத்து வெச்சிருப்பாங்க. எங்க வீட்டுல இரண்டாவது மகள் ஒருத்தி இருக்கா, அந்தப் பதினாறு நாளும் வர்றவங்களுக்கு காபி போட்டுக் கொடுத்துட்டு இருந்தா. அவளுக்கு அப்ப 15 வயசு. அடுத்த எபிசோடுல பேசறேன்னு அவளே ஒத்துக்கிட்டிருக்கா. அதுல பார்ப்போம் மக்களே.